ஒரு கல்யாணமும் மூன்று பொய்களும்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். முகிலாறு எஸ்டேட்டில் நடந்த கல்யாணத்துக்கு மூன்று பொய்களே போதுமாக இருந்தன. மூன்றையும் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

முகிலாறு, வால்பாறைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம். அங்கே தவமணி என்றொரு பெண் சின்னதாக வீடியோ தொழில் நடத்திவந்தாள். காதுகுத்து, சடங்கு, மாதா கோவில் தேர் என்று மலையில் எது நடந்தாலும் கேமராவோடு வந்து நிற்பாள். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்க இறங்கிவிட்டார்கள். லீவு கிடைக்காதவர்களுக்கு வீட்டு விசேஷத்தை நேரலையாகப் போனில் காட்டுவதில்தான் அவள் பெயர் எடுத்திருந்தாள்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சுடலைமுத்து, மகள் பொன்செல்வியின் கல்யாணம் நெருங்கியிருந்த சமயத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தது. கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்றாள் மகள். அவர் ஒப்பவில்லை. "குறிச்ச நாள் குறிச்சதுதான். நான் இங்கேருந்தே பாத்துக்கிறேன்" என்றார். ஆஸ்பத்திரியில் துணைக்கு மகன் இசக்கிராஜ் இருந்தான்.

பொன்செல்வி தவமணியைத் தேடி வந்தாள்.

"அக்கா, அப்பா பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் சரி."

"பாப்பாரு செல்வி. அது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தாள் தவமணி.

கல்யாணத்தன்று காலை வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பெண்ணை அழைத்து வந்ததையும், மாலை மாற்றியதையும் சுடலைமுத்து கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தார். அதன்பிறகு மலைமேல் மேகம் இறங்கியது. காற்றும் மழையும் சேர்ந்துகொண்டன. எங்கோ மின்கம்பம் சாய்ந்து, செல்போன் டவரும் அடங்கிப்போனது. தவமணியின் போனில் வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். முகூர்த்தம் தாண்டுகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். பெண்ணின் அம்மா கையைப் பிசைந்தாள். பொன்செல்வி மட்டும் தலையைக் குனியாமல் தவமணியையே பார்த்தாள்.

"அக்கா, அப்பா தெரியிறாரா?"

தவமணி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "தெரியிறாரு செல்வி. கும்பிட்டபடி உன்னையேதான் பாத்துக்கிட்டிருக்காரு."

பொன்செல்வி தலை குனிந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. இது முதல் பொய்.

தாலி ஏறியதும் தவமணி பைக்கை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் சமவெளியின் சிக்னல் கிடைத்தது. அங்கே நின்று, தாலி கட்டிய பகுதியை மட்டும் இசக்கிராஜுக்கு அனுப்பினாள். "லைன் அறுந்துபோச்சு தம்பி, இது பதிவு பண்ணினது" என்று போனிலும் சொன்னாள்.

அங்கே சுடலைமுத்து, "என்னடா ஆச்சு, என்னடா ஆச்சு" என்று தவித்துக்கொண்டிருந்தார். அவர் மனம் பதறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் போனை அவர் கையில் வைத்தான். "லைன் வந்துருச்சுப்பா. இப்பத்தான் தாலி கட்டப்போறாங்க, பாருங்க." இது இரண்டாவது பொய்.

பெரியவர் பார்த்தார். மூன்று முடிச்சும் விழுந்ததும் கண்ணீர் சொட்டித் திரை நனைந்தது. கட்டைவிரலால் துடைத்தார். விரல் பட்டதும் படம் பின்னால் ஓடியது. கட்டிய தாலி கழன்று மறுபடி மாப்பிள்ளை கைக்குப் போனது!

அவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். மகன் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லபடியா நடந்துச்சுடா" என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் டவர் உயிர் பெற்றதும் பொன்செல்வி அப்பாவை அழைத்தாள். தவமணி பக்கத்தில்தான் நின்றாள்.

"அப்பா, நான் தலை குனியிறப்ப பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பாக்காம இருப்பனா தாயி? நீ அங்க குனியுற, நான் இங்க கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்றேன். ஒரே நேரம்." இது மூன்றாவது பொய்.

உடல் தேறி மலைக்குத் திரும்பிய சுடலைமுத்து, கல்யாண வீடியோ வாங்கத் தவமணியின் கடைக்கு வந்தார். "ஏம்மா, கட்டுன தாலி கழண்டு வர்ற லைவ நான் எங்கயும் பாத்ததில்லையே" என்று சிரித்தார். தவமணிக்கு முகம் வெளிறிவிட்டது. "செல்விக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவமணி பொய் சொல்லாவிட்டால் அன்று மணமேடையில் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இசக்கிராஜ் உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பாவின் நெஞ்சு தாங்கியிருக்குமா என்பதும் தெரியாது. சுடலைமுத்துவோ எல்லாம் தெரிந்தே சொன்னார். இந்த மூவரில் யார் சொன்ன பொய் சரி?

விடை: சுடலைமுத்து சொன்னதே சரி. தவமணி பொய் சொன்னபோது தாலி ஏறவில்லை. காத்திருப்பதா, குனிவதா என்று முடிவு செய்யும் உரிமை பொன்செல்விக்கு இருந்தது. தன் வாக்கைக் காப்பாற்ற, அந்த உரிமையைத் தவமணி எடுத்துக்கொண்டாள். இசக்கிராஜ் அன்பால் சொன்னான் என்றாலும், அப்பாவின் பலத்தைக் குறைத்து எடைபோட்டான். உண்மை தெரிந்தும் அவர் நெஞ்சு தாங்கத்தானே செய்தது? சுடலைமுத்து பேசியபோது மாற்றுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. நஷ்டம் அவருடையது, அதை மறைத்ததும் அவரே. தவமணியும் இதே தீர்ப்பைத்தான் ஏற்றாள் போலும். இப்போதெல்லாம் வேலைக்குக் கூப்பிடுகிறவர்களிடம், "மேகம் இறங்குனா லைன் போயிரும். அப்ப நிறுத்தணுமா, நடத்தணுமான்னு இப்பவே சொல்லிருங்க" என்கிறாள். ஆனால் பொன்செல்வியைக் கேட்டால் வேறு விடை வரக்கூடும். அவளிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.