ஏழாவது கணக்கு

“எம் பொண்ணு பரீட்சையில வெறுந்தாளைக் குடுத்துட்டு வந்துட்டாளுங்கம்மா,” என்றார் சென்னியப்பன்.

கரட்டடி மடத்துக் குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சென்னியப்பன் அவரைவிட எட்டு வயது மூத்தவர், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். உன்னைவிடச் சின்னவளிடம் போய் உபதேசம் கேட்கிறாயே என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆறு வருஷமாக வந்துகொண்டிருந்தார்.

“கணக்குத் தெரியலையா?”

“தெரியாம என்னங்க? அஞ்சாவது படிக்கறா, எட்டாவதுக் கணக்கைப் போடுவா. முதல் கணக்கையே எழுதி எழுதி அழிச்சிருக்கறா. தாள் கிழிஞ்சு போச்சு. வேற தாள் வாங்கியிருக்கறா. அதுல கை வைக்கவே பயந்துட்டா. மணி அடிச்சிருச்சு.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வர்ற திங்கக்கிழமை அரையாண்டுப் பரீட்சைங்க. ரெண்டு நாளா அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கல. டாக்டர் உடம்புக்கு ஒண்ணுமில்லேங்கறார். பள்ளிக்கூடமே வேண்டாங்கறா. எனக்கு ஒரு வழியும் தெரியலைங்கம்மா.”

மகள் தாரகை தள்ளி, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இங்கேயும் புத்தகப் பையைக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கீழே வைக்கவில்லை.

“அடிப்பீங்களா?”

“ஒரு நாளும் கை நீட்டினதில்லீங்க.”

“திட்டறது?”

“இல்லீங்க.”

“மார்க் குறைஞ்சா என்ன சொல்லுவீங்க?”

“ஒண்ணுமே சொல்ல மாட்டனுங்க.”

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பாவம், நல்ல மனுஷர்.

குருவம்மா முறத்தை ஒதுக்கி வைத்தார்.

“தாரகை, இங்க வா சாமி. உங்கப்பாவுக்கு ஒரு பரீட்சை வைக்கணும். பத்துப் பெருக்கல் கணக்கு எழுது. அடியில விடைக்கு இடம் விடு.”

பெண் அப்பாவைப் பார்த்தாள். அவர் சிரித்தபடி தலையாட்டினார்.

அவள் நோட்டுத் தாளைக் கிழித்து, கோடு போட்டு, பத்துக் கணக்கு எழுதினாள். அச்சடித்த மாதிரி இருந்தது.

“வாத்தியாரே, மனக்கணக்கா போடணும். அடிச்சு எழுதக் கூடாது. ரெண்டே நிமிஷம்,” என்றார் குருவம்மா.

பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். சமைத்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியும் கையுமாக வந்தார்கள். தோட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எல்லாரும் சென்னியப்பனைச் சுற்றி நின்றார்கள்.

“கணக்கு வாத்தியார் கணக்குப் போடறாரு. பாருங்க.”

அவர் நீலப் பேனாவை எடுத்தார்.

இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களுக்குத் தேர்வு வைத்த மனுஷர். தான் உட்கார்ந்து எழுதி எவ்வளவோ காலமாகிவிட்டது. யாரோ பின்னால் நின்று தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். யாரோ இருமினார்கள். முதல் ஆறு கணக்கும் மளமளவென்று வந்தன. ஏழாவதில் பேனா தடுமாறியது. சுலபமான கணக்குத்தான், ஆனால் மனத்தில் ஒன்றும் நிற்கவில்லை. ஏதோ எழுதினார், அடுத்ததற்குப் போனார்.

“நேரம் ஆச்சு.”

அவர் பேனாவை வைத்துவிட்டு மூச்சு விட்டார். வந்தவர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

“நீயே திருத்து,” என்று குருவம்மா தாளைத் தாரகையிடம் கொடுத்தார்.

சென்னியப்பன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்து திருத்தினாள். சிவப்புப் பேனா ஆறு முறை சரி போட்டது. அப்புறம் நின்றது.

பதிமூன்றைப் பதினான்கால் பெருக்கி அப்பா நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதியிருந்தார்.

தாரகை நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்தாள். ஒன்பதின் காலை வளைத்து மூடி எட்டாக்கினாள். சரி போட்டாள். மீதி மூன்றையும் திருத்தி, பத்துக்குப் பத்து என்று எழுதிக் கொடுத்தாள்.

குருவம்மா தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“ஏழாவதுல இந்த எட்டு மட்டும் ஏஞ்சாமி இத்தனை குண்டா இருக்குது?”

பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சும்மா சொல்லு.”

“அப்பாவுக்கு ஒண்ணு தப்பாயிருச்சுங்க. நான்தான் மாத்துனேன்.”

“அவருக்குத் தெரியாமயா?”

“ஆமாங்க.”

“ஏன்?”

அவள் பையை இறுக்கிக்கொண்டாள்.

“தப்புப் போட்டா அப்பா சோறு உண்ண மாட்டாருங்க.”

சென்னியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் எப்பக் கண்ணு அப்படிப் பண்ணினேன்?”

“போன வருஷம் முழுப்பரீட்சையில தொண்ணூத்தெட்டு வாங்கினேனுங்கப்பா. நீங்க ஒண்ணும் சொல்லல. கையெழுத்துப் போட்டீங்க. அப்புறம் பசிக்கலைன்னு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அம்மா உங்க சோத்தை மூடி வெச்சாங்க. காலைல பார்த்தேன், அப்படியே இருந்துச்சு.”

அந்த நாள் அவருக்கு நினைவுக்கு வரவே இல்லை. அதுதான் அவரை அதிகமாக வாட்டியது. ஒரு குழந்தை அவருடைய மூடிய தட்டை எட்டு மாதமாகச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது.

அவர் குருவம்மாவைப் பார்த்தார், ஏதாவது சொல்லமாட்டாரா என்று. குருவம்மா முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு மறுபடி கீரையை ஆயத் தொடங்கியிருந்தார்.

சென்னியப்பன் தாளை வாங்கினார். சிவப்புப் பேனாவால் ஏழாவது கணக்கின் மேல் பெரிதாகத் தப்புப் போட்டார். பத்தை அடித்து ஒன்பதாக்கினார். மகளுக்குத் தெரியும்படி கீழே கையெழுத்தும் போட்டார். கண் கலங்கியதை மறைத்துக்கொள்ளவில்லை.

அடுக்களையில் இலை போடும் சத்தம் கேட்டது.

தாரகை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து அவளிடம் கையை நீட்டினார்.

“வா சாமி. அப்பாவுக்குப் பசிக்குது.”