பறி நிறைந்த நாள்

“அந்த ஜனங்க தங்கமானவங்கப்பா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாங்க.”

பாலத்தடி டீக்கடையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். இருவரும் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெஞ்சில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். டீ வாங்கத் தூக்கோடு நின்றிருந்த வேம்பு அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. டீயை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அவர்கள் பேசியது சுரபுன்னைத் திட்டின் ஜனங்களைப் பற்றி. ஆறும் கடலும் கலக்கும் இடத்தில், உப்புத் தண்ணீரில் நிற்கும் மரங்களுக்கு நடுவே வாழும் பழங்குடிகள். அவர்களிடம் வலை இல்லை. கழுத்து வரை தண்ணீரில் மூழ்கும்படி குந்தி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் பின்னிய பறி உண்டு. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள்.

அந்த உப்பங்கழியின் வாயில் ஒரு மணல்மேடு. அதன் அடியில் எரிவாயு இருக்கிறது என்றும், அங்கே கிணறு தோண்ட வேண்டும் என்றும் ஒரு கம்பெனி வந்தது. அந்த இடத்து ஜனங்கள் சம்மதிக்க வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். வெள்ளிக்கிழமை கூட்டம். ஊரின் பதிலைச் சொல்ல வேம்புவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். மேற்கே ஏரிக்கரையிலிருந்து இந்தத் திட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள்.

கன்னிமார் கோயில் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள் பச்சையம்மா. அவள் குறி சொல்பவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேம்பு எதைக் கற்றாலும் அவளிடம்தான் கற்றாள். தண்ணீரில் இறங்குவதை, சேற்றுக்குள் தட்டுவது நண்டா இறாலா என்று விரலாலேயே கண்டுகொள்வதை, கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வதை.

“அக்கா, நம்மளத் தங்கமானவங்கங்கறாங்க.”

“யாரு?”

“கம்பெனிக்காரங்க. நாம எதிர்த்துப் பேச மாட்டோமாம்.”

பச்சையம்மா பெருக்குவதை நிறுத்தவில்லை.

“நீ என்னா பேசப் போறே?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன். கிணறு வேணும்னு சொல்லவா, வேணாம்னு சொல்லவா?”

“உனக்கு என்னா வேணும்?”

வேம்பு தூக்கைக் கீழே வைத்தாள்.

“வேணும்க்கா. வீட்டுக்கு ஒரு வேலைங்கறாங்க. அவரு வெளியூரு செங்கச் சூளையிலேர்ந்து வந்துடலாம். போன தடவை அவரு வந்தப்ப, பாப்பா யாரோ மாமா வந்துருக்காருன்னு கதவுக்குப் பின்னால போயி ஒளிஞ்சுகிட்டா.”

“ஊருக்கு என்னா வேணுமாம்?”

“தெரியல. கேட்டா, நீ படிச்சவ, நீயே சொல்லுன்னு சிரிக்கிறாங்க.”

“தரையில கேட்டா அப்படித்தான் சிரிப்பாங்க. தண்ணியில கேளு.”

“தண்ணியில எப்படிக்கா பேசுறது? வாயில பறி இருக்குமே.”

“ஆமாம். இருக்கும்.”

பச்சையம்மா தூக்கைத் திறந்து டீயை ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் தண்ணீர் வடியும் வேளையில் ஊரே கழியில் இறங்கியது. இறங்கச் சொல்லி வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் பச்சையம்மா. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்பு ஒரு புயலுக்குப் பிறகு, ஊரையே வேறு இடத்துக்கு மாற்றலாமா என்ற பேச்சு வந்தபோது, இப்படித்தான் இறங்கினார்களாம். அப்போது வேம்பு இங்கே வந்திருக்கவில்லை.

“படிச்ச பொண்ணு இறங்குது,” என்றான் ஏகாம்பரம், கரையில் நின்றபடி. “இறாலெல்லாம் சிலேட்டு எடுத்துக்கிட்டு வரிசையா வரும் பாரு.”

“உன் பறிக்கு ஒண்ணும் வராது. ஒன்னாங்கிளாசுலயே ஓடினவன்தானே நீ,” என்றாள் அவன் மனைவி.

பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கயிற்றைக் கடித்தார்கள். சிரிப்பு நின்றது. தண்ணீரின் சத்தம் மட்டும் இருந்தது.

அன்று வேம்புவுக்குக் கை நன்றாக ஓடியது. விரலுக்கு விரல் இறால் தட்டியது. பறி கனத்து, கயிறு பல்லில் அழுந்தியது. இரவுக்குக் குழம்பு, மீதியை விற்றால் அரிசி. அவள் தலையைத் திருப்பிப் பச்சையம்மாவைப் பார்த்தாள். பச்சையம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேம்பு வாயைத் திறந்தாள்.

பறி கவிழ்ந்தது. இறால்கள் துள்ளின. அவள் கையைச் சேற்றிலிருந்து எடுப்பதற்குள் எல்லாம் போய்விட்டன.

“எனக்குக் கிணறு வேணும்,” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “வேலை குடுக்கறேங்கறாங்க. வீடு கட்டித் தரேங்கறாங்க. நம்ம ஆம்பளைங்க சூளைக்குப் போக வேணாம். எனக்கு என் வீட்டுக்காரரு வேணும். அவ்வளவுதான்.”

யாரும் வாயைத் திறக்கவில்லை. தலைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றன. வேம்பு காலிப் பறியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குள் உப்புத் தண்ணீர் போயிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் அவள் பறிக்குள் ஒரு கை இறாலைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

பிறகு இன்னொருவர். பிறகு ஏகாம்பரம், இரண்டு கையாலும் அள்ளி. அவன் மனைவி. அவளுடைய அம்மா. ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பறியைப் பல்லில் கடித்தபடியே வந்து, போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மண்ணாங்கட்டியும் அவன் தம்பியும் இன்னும் சிலரும் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

கரை ஏறும்போது வேம்புவால் பறியைத் தூக்க முடியவில்லை. அத்தனை கனம் அவள் பறி என்றைக்கும் கனத்ததில்லை.

“பாத்தியாக்கா?” மூச்சு வாங்கச் சிரித்தாள். “மண்ணாங்கட்டி அண்ணனும் இன்னும் சில பேரும்தான் வரல. மத்த எல்லாரும் என் பக்கம்.”

பச்சையம்மா முந்தானையைப் பிழிந்தாள்.

“உன் பக்கம் இருக்கறவங்க போட மாட்டாங்க.”

“என்னாக்கா?”

“போட்டவங்க எல்லாம் வேணாங்கறவங்க.”

வேம்புவின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. குனிந்து பறியைப் பார்த்தாள். மேலே கிடந்த இறால் இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது.

“ஏன் வேணாமாம்?”

“மணல்மேட்டுல கிணறு வந்தா சுத்தி வேலி வரும். கழிக்கு இறங்குற வழி அதுதானே.”

“அப்ப எனக்கு எதுக்குப் போட்டாங்க?”

“பேசறதுக்காக உன் சோத்தைத் தண்ணியில விட்டே. உன் பேச்சையும் தட்டிட்டு, உன்னைப் பட்டினியும் போடணுமா?”

மரங்களின் வேர்களுக்கு இடையில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் பேசியபடி வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் எதையோ சொல்ல, அவன் மனைவி அவன் முதுகில் அடித்தாள்.

வேம்பு பறியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டாள்.

“நீயும் போட்டியாக்கா?”

“முதல் கை என்னுது.”

“இப்ப நான் என்னா செய்யட்டும்?”

“கொண்டுபோயி ஆக்கு. பாப்பாவுக்குப் போடு. நீயும் தின்னு. வெள்ளிக்கிழமை போயி, உன் வாயில என்னா வருதோ அதைச் சொல்லு.”

வேம்பு இறாலை உரித்தாள். உரிக்க உரிக்கத் தீரவில்லை. குழம்பு கொதிக்கும்போது மண்ணாங்கட்டி வாசலில் வந்து நின்றான்.

“வேம்பு, நான் உன் பக்கம்தான். அதான் ஒண்ணும் போடல. தப்பா நெனைச்சுக்காதே.”

“நெனைக்கலண்ணே.”

“எனக்கும் கான்கிரீட்டு வீடு வேணும். ஒழுகாத வீட்டுல ஒரு மழைக்காலமாவது படுக்கணும்.” தலையைச் சொறிந்தான். “குழம்பு மிச்சம் இருக்குமா?”

அவள் கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். பாப்பா இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கித் தின்றது. வேம்புவும் தின்றாள். நடுநடுவே கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பந்தல் போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் நாற்காலி இருந்தது. ஆனாலும் ஜனங்கள் தரையில்தான் உட்கார்ந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர். ஒவ்வொரு வார்த்தையையும் நிதானமாகச் சொன்னார். மைக்கை வேம்புவிடம் நீட்டும்போது குரலைத் தாழ்த்தி, “வேலைக்கு உங்க வீட்டுக்காரர் பேரைத்தாம்மா முதல்ல எழுதியிருக்கோம்,” என்றார்.

வேம்பு மைக்கை வாங்கினாள்.

“எனக்குக் கிணறு வேணும்,” என்றாள். “இன்னும் சில பேருக்கும் வேணும். ஊருக்கு வேணாம்.”

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார்.

“அப்படி யாரும் சொல்லலையேம்மா. வீடு வீடாப் போய்க் கேட்டோம். எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தாங்க?”

“எங்கிட்ட சொன்னாங்க சார்.”

“என்னன்னு சொன்னாங்க?”

வேம்பு திரும்பிப் பார்த்தாள். பந்தலின் ஓரத்தில் பச்சையம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வேம்புவைப் பார்க்கவில்லை. வேறு யாரும்கூடப் பார்க்கவில்லை.

“சோறு போட்டாங்க,” என்றாள்.

பின்னால் நின்ற மஞ்சள் ஹெல்மெட் ஒருவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை.

“இதை எப்படிம்மா நான் எழுதறது? நீங்கதான் ஊர் சார்பா வந்திருக்கீங்க. ஒரே வார்த்தை. வேணுமா, வேண்டாமா?”

“வேணாம்.”

“நல்லா யோசிச்சுட்டீங்களா? உங்க வீட்டையும் சேர்த்துத்தான் சொல்றீங்களா?”

“எங்க வீட்டையும் சேத்துத்தான் சார்.”

மைக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே வழி பார்த்து நடந்து, பந்தலுக்கு வெளியே வந்தாள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. சூளையில் சோற்றுக்கு விடும் வேளை.

போனை எடுத்து, புருஷனின் எண்ணை அழுத்தினாள்.