மாவுப்பூச்சி வேடமிட்ட வண்டுப்புழு

சுருளிப்பட்டியில் ஒரே திராட்சைப் பந்தலின் கீழ்ப்பாதி காமுத்தாய்க்கு, மேல்பாதி அவள் கொழுந்தன் ஒச்சப்பனுக்கு. காமுத்தாயின் கணவன் இறந்தபின் செய்துகொண்ட பாகப்பிரிவினை அது. கொடிகளுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. இந்தப் பக்கத்துக் கொடி அந்தப் பக்கம் போய்க் காய்க்கும்.

அந்த ஆண்டு பிஞ்சுக் குலைகளில் மாவுப்பூச்சி பஞ்சு பஞ்சாக அப்பியது. ஒச்சப்பன் மருந்தடிக்கக் கிளம்பினான். காமுத்தாய் மறித்தாள். மாவுப்பூச்சியைத் தின்னும் கறுப்பு வண்டுகளை அன்று காலைதான் பந்தலில் விட்டிருந்தாள். மருந்து பட்டால் அவையும் சாகும்.

"இருபது நாள் பொறுங்க தம்பி. வெள்ளை குறையலேன்னா நீங்களே ஆள் விட்டு ரெண்டு பக்கமும் அடிச்சிருங்க. நான் குறுக்க வர மாட்டேன்."

ஒச்சப்பன் பொறுத்தான். இருபதாம் நாள் பார்த்தால் வெள்ளை முன்னைவிட அதிகம். காமுத்தாய் ஒரு குலையைக் கண்ணருகே இழுத்துப் பார்த்தாள். மாவுப்பூச்சி அசையாமல் கிடக்கும். இங்கேயோ அதே பஞ்சைப் போர்த்திக்கொண்டு, அதைவிடப் பருத்த சில விறுவிறுவென்று ஓடின. ஒன்று மாவுப்பூச்சியைக் கவ்வித் தின்றது. வண்டு இட்ட முட்டைகள் பொரித்திருந்தன.

"ஓடுறதெல்லாம் வண்டோட புழு தம்பி. உத்துப் பாருங்க."

"எனக்குத் தெரியிறது வெள்ளைதான். வாக்குக் கொடுத்தீங்களா இல்லையா மதினி?"

காமுத்தாய் விலகிப் போய், பந்தலுக்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்தாள்.

மருந்தடிக்க வந்த சின்னமாயன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். ஓடும் பூச்சி ஒன்றையும் ஓடாத ஒன்றையும் உள்ளங்கையில் விட்டான். சற்று நேரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. யாரிடமும் சொல்லாமல், வெறும் வாய்க்கால் தண்ணீரைத் தெளிப்பானில் நிரப்பி, இரண்டு பாதிக்கும் அடித்துவிட்டுப் போனான்.

பதினைந்து நாளில் குலைகள் சுத்தமாயின. "மருந்து கேட்டிருச்சு" என்றான் ஒச்சப்பன். அறுப்பன்று சின்னமாயன் திறக்காத மருந்துப் புட்டியை அவனிடம் நீட்டி, நடந்ததைச் சொன்னான். காமுத்தாய்க்கு முதலில் சந்தோஷம் பொங்கியது. பிறகு கோபம் வந்தது. "நீ பார்த்தது தப்பாயிருந்தா ரெண்டு வீட்டு வெள்ளாமையும் போயிருக்குமேடா!"

சொன்ன சொல்லுக்காக விலகி நின்றவள், பேசிவைத்தபடி மருந்தடிக்கச் சொன்னவன், சொல்லாமல் தண்ணீர் அடித்தவன். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: காமுத்தாய். கண்டதை முகத்துக்கு நேரே சொன்னாள், நம்பாதபோது ஏமாற்றவில்லை. ஒச்சப்பனும் பேசிவைத்ததை மீறவில்லை, ஆனால் குனிந்து பார்க்க மறுத்தான். விளைச்சலைக் காப்பாற்றியவன் சின்னமாயன்தான். ஆனாலும் அடுத்தவர் பயிரை வைத்து அவன் தனியாக முடிவெடுத்தான். ஒச்சப்பன் அவனைத் திட்டவில்லை. "உள்ளங்கையில பார்த்ததை எங்கிட்ட ஏன்டா காட்டல?" என்று மட்டும் கேட்டான்.