வேர்த்திருடி பெயர்த்த செம்பருத்தி

ஒரு காட்டில், ஆற்றங்கரை ஓரமாக இரண்டு செம்பருத்திச் செடிகள் இருந்தன. பல வருஷத்துச் செடிகள். அந்தப் பக்கத்தில் வேறு பூவே கிடையாது. ஒரு தேன்சிட்டு அந்த இரண்டையும் நம்பித்தான் பிழைத்தது.

மழை பிடித்ததும் ஆறு கரையை அரிக்கத் தொடங்கியது. மண் பொத்துப் பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. இப்படியே விட்டால் செடிகளும் போய்விடும். தேன்சிட்டு யானையிடம் பறந்தது.

“யானை அண்ணே! என் செடிகளை மேட்டுக்கு மாற்றித் தருவீர்களா?”

“இதற்கா இவ்வளவு பதற்றம்? தள்ளி நில்!”

யானை ஒரு செடியைத் தும்பிக்கையால் சுற்றியது. ஒரே இழுப்பு! வேர்கள் படபடவென்று அறுந்தன. ஆனால் ஒரு பூகூட உதிரவில்லை. அதை மேட்டில் நட்டுவிட்டு யானை நிமிர்ந்து நின்றது.

“பார்த்தாயா? பூவோடு கொண்டுவந்தேன்!”

குரங்குகள் கைதட்டின.

சுற்றி வளைப்பானேன், பிள்ளைகளே? அந்தச் செடி செத்தது. முதலில் பூக்கள் தொங்கின, பிறகு இலைகள் சுருண்டன, கடைசியில் வெறும் விறகு.

“இந்த மண் சரியில்லை. அடுத்ததை வேறு இடத்தில் நடுகிறேன்” என்றது யானை.

அது கரைக்குப் போனபோது, மிச்சமிருந்த செடியின் அடியில் முள்ளம்பன்றி முட்களை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“தொடாதே. இதை நான் பெயர்க்கிறேன்.”

யானைக்குச் சிரிப்பு வந்தது. “நீயா? நீ வேர்த்திருடி ஆயிற்றே!”

“ஆமாம், திருடிதான். இந்தக் காட்டில் நான் கடிக்காத வேர் இல்லை. எவ்வளவு கடித்தால் செடி தாங்கும், எங்கே கடித்தால் சாகும், எல்லாம் எனக்குத் தெரியும். உனக்கு என்ன தெரியும்? இழுக்கத் தெரியும்.”

யானையின் காதுகள் விடைத்தன. தேன்சிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. இருப்பதோ ஒரே செடி. அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு துண்டு சரிந்தது.

“முள்ளம்பன்றி அக்கா, நீங்களே செய்யுங்கள்!”

முள்ளம்பன்றி முதல் வேலையாகப் பூத்த கிளைகளைக் கறுக் கறுக்கென்று கடித்துத் தள்ளியது.

“ஐயோ, என் பூ! என் மொட்டு!”

“கத்தாதே. எப்படித் தோண்டினாலும் பாதி வேர் போய்விடும். மிச்சப் பாதி இத்தனை பூவுக்கும் எங்கேயிருந்து தண்ணீர் கொடுக்கும்?”

“அதுவரை நான் எதைக் குடிப்பேன்?”

“சிலந்தி பிடித்துத் தின். சாகமாட்டாய்.”

பிறகு தண்டிலிருந்து சற்றுத் தள்ளி வட்டமாகத் தோண்டியது. அடியிலும் குடைந்தது. வேரும் மண்ணும் ஒரே உருண்டையாக விடுபட்டன. முள்ளம்பன்றி அதை முட்டித் தள்ளிப் பார்த்தது. அசையவே இல்லை.

“என்ன திருடி, நகரவில்லையா?”

“நகரவில்லை. எனக்கு அறுக்கத் தெரியும், தூக்க முடியாது. நீ தூக்கு. தண்டைப் பிடித்து இழுத்தாயோ, காலில் முள் ஏறும். அடியில் தந்தத்தைக் கொடு. மண் உதிரக்கூடாது.”

யானை முறைத்தது. பிறகு குனிந்தது. சேற்றில் விழுந்த கன்றை எடுப்பது போல மெல்லத் தூக்கிக்கொண்டு நடந்தது. அது மேடேறுவதற்குள் பின்னால் கரை முழுவதும் ஆற்றில் சரிந்தது. மேட்டில் முள்ளம்பன்றி குழி பறித்துச் செடியை நட்டது.

“பூவோடு வந்ததே செத்தது. இந்த மொட்டைக் குச்சியா பிழைக்கும்?” என்று குரங்குகள் கேலி செய்தன.

“பிழைக்கும். நட்டது யார்?” என்றது முள்ளம்பன்றி.

யானை யாரும் சொல்லாமலே தினமும் தண்ணீர் ஊற்றியது. தேன்சிட்டு திட்டிக்கொண்டே சிலந்தி தின்றது.

குச்சியில் ஒரு துளிர் வந்தது. பிறகு இலைகள். ஒருநாள் காலை, சிவப்பாக ஒரு பூ!

“தூக்கியது யார்?” என்று யானை பிளிறியது.

“அறுத்தது யார்?” என்று முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தது.

தேன்சிட்டு பூவுக்குள் அலகை விட்டிருந்தது. அதன் வாய் நிறையத் தேன்.

நீதி: வேர் பிழைக்க வேண்டுமானால், பூவை விடத் துணிய வேண்டும்.