பதினொரு விநாடிச் சங்கொலி

"மறுபடியும் ஊதிட்டியா?" என்று கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து சங்கு கேட்டது.

"நான் எங்கே ஊதினேன்? யாரோ பொத்தானை அமுக்கினாங்க. வாயைத் திறந்தேன். அவ்வளவுதான்," என்றது கூரைமேல் இருந்த ஒலிபெருக்கி.

சன்னலுக்கு வெளியே ஏழு படகுகள் அடித்துப் பிடித்துக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை.

அந்தத் தீவில் சூறைக்காற்று கிளம்பினால் கரையில் நிற்பவர் சங்கை ஊதுவார். கடலில் இருப்பவர்கள் அந்த ஒலி கேட்டதும் வலையை அறுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் கரையேறிய பிறகுதான்.

போன மாதம் தீவில் காட்சியகம் திறந்தார்கள். தீவின் கடல் வாழ்வை ஊர் உலகத்துக்கெல்லாம் காட்ட வேண்டும் என்பது அலுவலர் இளம்பரிதியின் ஆசை, நல்ல ஆசைதான். சங்கைப் பெட்டியில் வைத்தார். நகரத்திலிருந்து ஒரு வித்வானை வரவழைத்து, பிசிறில்லாமல் பதினொரு விநாடி ஊதவைத்துப் பதிவு செய்தார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான். ஒலிபெருக்கியைக் கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"என்மேல் என்ன எழுதியிருக்கு தெரியுமா?" என்று விளக்க அட்டை பெருமையாகப் படித்தது. "முற்காலத்தில் தீவு மக்கள் இதை ஊதிப் படகுகளைத் திரும்ப அழைத்தனர்."

"முற்காலம்னா எப்போ?"

அட்டை சற்றுத் தயங்கியது. "போன மாசம்."

படகிலிருந்து இறங்கிய மீனவன் தொம்மை உப்பு நீர் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றான். "யாருலே ஊதினது?"

பார்வையாளர்களில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கையைத் தூக்கினார். "நான்தாங்க. சூப்பரா இருந்துச்சு."

"தொம்மை, நீங்க திரும்பி வந்ததைப் பார்த்து எல்லாரும் கை தட்டினாங்க," என்றார் இளம்பரிதி.

"வலையை அறுத்துட்டு வந்திருக்கோம் சார். இதோட மூணாவது வாட்டி."

"அதைத்தான் சொல்றேன். எவ்வளவு தத்ரூபம்!"

தொம்மை சட்டை நுனியைப் பிழிந்தான். "இனி இது தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தனும் திரும்பமாட்டான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சங்கு அவன் போன திசையைப் பார்த்தது. நிஜமாகவே காற்று வரும் நாளிலும் அவர்கள் திரும்பமாட்டார்களா?

"பழகிடும்," என்றது பக்கத்துச் சீசாவில் மிதந்த கடற்குதிரை. "எனக்குப் பழகலையா?"

"உனக்கென்ன, நீ செத்துட்டே."

"அதனாலதான் சீக்கிரம் பழகிச்சு."

சனிக்கிழமை காற்று வந்தது. காட்சியகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த வியாகுலம்தான் முதலில் பார்த்தாள். தென்மேற்கில் வானம் கறுத்து இறங்கியிருந்தது. அவள் புருஷன் தொம்மையும் மற்றவர்களும் கடலில் இருந்தார்கள். ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினாள். ஒலிபெருக்கி கணீரென்று ஊதியது. படகுகள் அசையவில்லை. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் கணீர்.

"இதுக்கு மேல சுத்தமா யாராலும் ஊத முடியாது. அவங்க கேக்கலைன்னா நான் என்ன செய்ய?" என்றது ஒலிபெருக்கி.

வியாகுலம் பெட்டியைத் திறந்தாள்.

"ஐயோ, தொடாதீங்க! அது காட்சிப்பொருள்!" என்று இளம்பரிதி ஓடிவந்தார்.

"எங்க வீட்டுக்காரர் காட்சிப்பொருள் இல்ல சார்," என்றவள் சங்கோடு கரைக்கு ஓடினாள்.

அவள் அதுவரை சங்கு ஊதியதே இல்லை. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு கன்றுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். மூச்சு அறுந்தது, இருமினாள், விட்ட இடத்திலிருந்து ஊதினாள். உதடு வெடித்தது.

"கர்மம், சுருதியே இல்லையே," என்று கூரையிலிருந்து ஒலிபெருக்கி முகம் சுளித்தது.

சங்கு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு படகின் மூக்கு தயங்கியது. பிறகு திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. கடைசிப் படகு மணலில் மோதியபோது மழை சுவர்போல வந்து விழுந்தது.

"இது நிஜம்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று வியாகுலம் கேட்டாள்.

"மெசினுக்கு மூச்சு வாங்காதே," என்றான் தொம்மை. "ஏதோ மனுசப் பிறவி கிடந்து அல்லாடுதுன்னு திரும்பினோம். நீதானா அது? ரொம்பக் கேவலமா ஊதினே."

"கரை வந்து சேர்ந்தீகல்ல, பேசாம வாங்க."

காட்சியகத்துத் தாழ்வாரத்தில் நின்றவர்கள் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார்கள். இளம்பரிதிக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கிவிட்டது.

"அற்புதம் வியாகுலம்! இனி தினமும் பதினொரு மணிக்கு நேரடிச் செயல்விளக்கம். நீங்களே ஊதுங்க. ஆனா, இதே மாதிரி மூச்சு வாங்கி ஊதணும். இருமலும் இருக்கட்டும்."

சங்கை அவள் கையிலிருந்து வாங்கி, துணியால் துடைத்துப் பெட்டிக்குள் பீடத்தில் வைத்தார்.

"பதவி உயர்வு உனக்கு," என்றது கடற்குதிரை. சங்கு கணக்குப் போட்டுப் பார்த்தது. தினமும் பதினொரு மணிக்கு என்றால், தொம்மை எத்தனை நாள் திரும்பிப் பார்ப்பான்?

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வியாகுலம் ஈரத் துணியோடு வந்து தரையைத் துடைத்து முடித்தாள். பெட்டியைத் திறந்து சங்கை எடுத்து, முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் இருந்த விற்பனை மேசையிலிருந்து அதே அளவில் ஒரு சங்கைப் பொறுக்கிப் பீடத்தில் வைத்தாள். 'தீவின் நினைவாக' என்று அதில் சிவப்புச் சாயத்தால் எழுதியிருந்தது. எழுத்து சுவரைப் பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்தாள்.