வஞ்சி கழற்றிய கிரீடம்

காட்டின் நடுவே கொக்கணிக்குட்டை என்று ஒரு குட்டை இருந்தது. கோடை வந்தால் அது ஒரு பள்ளமாகச் சுருங்கிவிடும். மேல்கரை விலங்குகளுக்கும் கீழ்கரை விலங்குகளுக்கும் அந்தப் பள்ளத்துத் தண்ணீர்தான் கதி.

"நாங்கள்தான் முதலில் குடிப்போம்!" என்றது மேல்கரை.

"நீங்கள் கலக்கிய பிறகு நாங்கள் சேற்றைக் குடிப்பதா?" என்றது கீழ்கரை.

ஒரு கோடையில் இந்தச் சண்டை முற்றிவிட்டது. பல்லும் நகமும் கொம்பும் மோதின. இரண்டு பக்கமும் ரத்தம் கொட்டியது. அதன் பிறகு எல்லாரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனி அடிதடி கூடாது. காட்டில் சிறிசு பெரிசு எல்லாம் கைபேசியில் விளையாடுகிற 'மாயக்களம்' என்னும் ஆன்லைன் விளையாட்டில், கரைக்கு ஒருவராக மோதட்டும். ஜெயித்த கரை அந்தக் கோடை முழுவதும் காலையில் வந்து தெளிந்த தண்ணீரைக் குடிக்கட்டும். தோற்ற கரை வெயில் சாய்ந்த பிறகு வரட்டும்.

நியாயமான முடிவுதான். ஆனால் கீழ்கரைக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் மேல்கரையின் காட்டுப்பூனை வெருகன் வந்தான். ஒவ்வொரு கோடையிலும் ஜெயித்தான். மேல்கரைக் காட்டெருமைகள் புரண்டு எழுந்த பிறகு மிஞ்சிய சேற்றுத் தண்ணீரைத்தான் கீழ்கரைக் குட்டிகள் குடித்தன. வயிற்றுவலியில் சுருண்டு படுத்தன.

மாயக்களத்தில் வெருகன் மறைவீரன். மறைவீரன் கண்ணுக்குத் தெரியாமல் வருவான். பின்னால் நின்று தலையில் ஒரு தட்டு தட்டுவான். தட்டு வாங்கியவர் சிலைபோல நின்றுவிடுவார். அவர் அசைவதற்குள் கத்தி வேலையை முடித்துவிடும்.

இந்த ஆண்டு கீழ்கரைக்குப் புது நம்பிக்கை பிறந்தது. காரணம் வஞ்சி என்கிற தேவாங்கு. அவள் மாயக்களத்தில் மந்திரவாதி. யாராலும் தொடமுடியாத எரிமலை நாகத்தைத் தனியாளாக எரித்துச் சாம்பலாக்கியவள். அந்த நாகத்திடமிருந்து அவளுக்கு ஒரு கிரீடம் கிடைத்தது. அதை அணிந்தால் தீ இரண்டு மடங்காகும். மாயக்களத்தில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அவரவர் வலிமை ஓர் எண்ணாக மின்னும். இரண்டு கரைகளிலும் வஞ்சியின் எண்தான் பெரியது.

"இந்தக் கோடையில் காலைத் தண்ணீர் நமக்குத்தான்!" என்று கீழ்கரைத் தலைவர் மயில் தோகையப்பன் தோகை விரித்து ஆடினார்.

வஞ்சிக்கும் பெருமை தாங்கவில்லை. தன் எண்ணைத் தானே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அவளுடைய தோழி மல்லாயி ஒரு கீரி. அவளும் மறைவீரனாகத்தான் விளையாடுவாள். எண் சிறியது. பெயரும் அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

"வஞ்சி, போட்டிக்கு முன்னால் என்னோடு ஒரு ஆட்டம் ஆடிப் பாரேன்" என்றாள் மல்லாயி.

"உன்னோடா? பாவம், பொசுங்கிப் போவாய்!" என்று சிரித்தாள் வஞ்சி.

ஆட்டம் தொடங்கியது. வஞ்சி பெருந்தீ மந்திரத்தை ஓத ஆரம்பித்தாள். தலையில் 'டொக்' என்று ஒரு தட்டு. அவ்வளவுதான். மந்திரம் பாதியில் நின்றது. வஞ்சி தரையில் கிடந்தாள்.

"சிக்னல் நின்றுவிட்டது!" என்றாள் வஞ்சி.

"சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. நீதான் நின்றுவிட்டாய்!"

மறுபடி ஆடினார்கள். மறுபடியும் அதே கதை. வஞ்சியின் பெரிய கண்கள் கலங்கிவிட்டன.

"நான் எரிமலை நாகத்தையே எரித்தவள், மல்லாயி!"

"நாகம் நின்ற இடத்தில் நின்று சீறும். நீ ஓதி முடிக்கும்வரை காத்திருக்கும். வெருகன் காத்திருப்பானா?"

செய்தி கரை முழுவதும் பரவிவிட்டது. ஆளுக்கொரு யோசனையோடு ஓடிவந்தார்கள்.

"தீ போதவில்லை! இன்னும் தீயை ஏற்று!" என்றார் தோகையப்பன். வஞ்சி ஏற்றினாள். முன்பைவிடச் சீக்கிரமாகச் செத்தாள்.

"கவசம்தான் வேண்டும். தலையிலிருந்து கால்வரை உயிர் கூட்டும் சாமான்களாகப் போட்டுக்கொள்!" என்றது ஒரு காட்டுப்பன்றி. வஞ்சி போட்டுக்கொண்டாள். இப்போது அவள் உடனே சாகவில்லை. ஆனால் அவள் விட்ட தீ மல்லாயியின் மீசையைக்கூடக் கருக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்த மல்லாயிதான் கடைசியில் ஜெயித்தாள்.

வஞ்சி யாரோடும் பேசாமல் ஒரு கிளையில் போய் உட்கார்ந்தாள். சாப்பிடக்கூட இறங்கவில்லை. எல்லாரும் 'எவ்வளவு, எவ்வளவு' என்றே கேட்கிறார்கள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. சட்டென்று கிளையைவிட்டு இறங்கினாள்.

"மல்லாயி, என்னைக் கொல்!"

"என்னது?"

"நான் திருப்பி அடிக்கமாட்டேன். நான் எப்படிச் சாகிறேன் என்று பார்க்கவேண்டும்."

மல்லாயி அடித்தாள். வஞ்சி பார்த்தாள். மீண்டும் மீண்டும் செத்துப் பார்த்தாள். பிறகு மல்லாயி விளக்கினாள்.

"முதலில் தட்டு. நீ சிலையாக நிற்கும்போது கத்தி. அதற்கும் தப்பி நீ மந்திரம் ஓத வாய் திறந்தால், வாய்ப்பூட்டு வீசுவேன். ஓதிக்கொண்டிருக்கும்போது பூட்டு விழுந்தால், கொஞ்ச நேரத்துக்கு உன்னால் எதையும் ஓதமுடியாது. அதற்குள் அடுத்த தட்டு."

"அப்படியானால் நான் தீ குறைந்து சாகவில்லை. தீயை விடவே முடியாமல்தான் சாகிறேன்!"

"அதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்கிறேனடி!"

வஞ்சி தன் சாமான் பையைத் திறந்தாள். தலையில் இருந்த நாகக்கிரீடத்தைப் பார்த்தாள். தீயை இரட்டிப்பாக்கும் கிரீடம்தான். ஆனால் அதை அணிந்தால் மந்திரம் ஓத அதிக நேரம் பிடிக்கும். நாகத்திடம் அந்த நேரம் கிடைத்தது. வெருகனிடம் கிடைக்காது. மனசு வலிக்க வலிக்க அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பதிலாக, வேகமாக ஓத உதவும் ஒரு சாதாரணத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்து, மந்திரங்களுக்கு வலிமை சேர்க்கும் திறமைப் புள்ளிகள். அவளிடம் இருந்த புள்ளிகள் எல்லாம் பெருந்தீயில் குவிந்து கிடந்தன. பாதியைப் பிடுங்கினாள். சிலையாக நிற்பதிலிருந்து விடுவிக்கும் 'கட்டறுப்பு' மந்திரத்துக்குச் சில. நின்ற இடத்திலிருந்து கண்சிமிட்டும் நேரத்தில் தாவுவதற்குச் சில. எதிரியின் கால்களைத் தரையோடு உறையவைக்கும் பனிக்குச் சில.

உயிர் கூட்டும் மோதிரம்தான் தொல்லை கொடுத்தது. சிறிய மோதிரம் போட்டால் முதல் கத்திக்கே செத்தாள். பெரிய மோதிரம் போட்டால் தீ பிசுபிசுத்தது. மாற்றினாள், ஆடினாள், செத்தாள், மறுபடி மாற்றினாள். கடைசியில் முதல் தாக்குதலை மட்டும் தாங்கி நிற்கிற ஒரு மோதிரம் அமைந்தது. அன்றைக்குத்தான் மல்லாயி முதல்முறையாக அவளிடம் தோற்றாள்.

"சுட்டுவிட்டாயடி!" என்று மல்லாயி துள்ளினாள். தோற்றவளுக்குத்தான் அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் வஞ்சியின் தலைக்கு மேல் மின்னிய எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. தோகையப்பன் அதைப் பார்த்துவிட்டு அலறினார்.

"ஐயையோ! கிரீடம் எங்கே?"

"பையில் இருக்கிறது, ஐயா."

"பையில் வைக்கவா நாகத்தை எரித்தாய்? இந்த எண்ணோடு போனால் மேல்கரை வாயாலா சிரிக்கும்? வேறு யாரையாவது அனுப்புவோம்!"

கூட்டத்தில் பலரும் தலையாட்டினார்கள். ஒரு தாய்மான் மட்டும் முன்னால் வந்தது.

"பெரிய எண்ணோடு போனவர்கள் எல்லாம் ஜெயித்தா வந்தார்கள்? என் குட்டி போன கோடை முழுவதும் சேற்றைக் குடித்துவிட்டுத் துடித்தது. இந்தப் பெண்ணாவது யோசித்து ஏதோ செய்கிறாள். போகவிடுங்கள்!"

வஞ்சியையே அனுப்புவது என்று முடிவானது.

போட்டி நாளன்று, அந்தி நேரத்தில், குட்டையோரம் இரண்டு கரையும் கூடியது. ஆட்டத்தை எல்லாரும் பார்க்க, இரண்டு மருதமரங்களுக்கு நடுவே பெரிய திரை கட்டியிருந்தார்கள். நடுவர் ஒரு கிழ நாரை.

"மூன்று ஆட்டம். இரண்டில் ஜெயிப்பவருக்கே காலைத் தண்ணீர்!" என்றது நாரை.

வெருகன் வஞ்சியின் எண்ணைப் பார்த்தான். மீசை துடிக்கச் சிரித்தான்.

"என்ன வஞ்சி, கிரீடத்தைக் காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டதா?"

மேல்கரை கைதட்டிச் சிரித்தது. கீழ்கரை தலைகுனிந்தது.

முதல் ஆட்டம் தொடங்கியது. வெருகன் மறைந்தான். பின்னால் வந்து தட்டினான். வஞ்சி சிலையானாள். அடுத்த கணமே கட்டறுத்தாள்! தாவினாள்! திரும்பி வெருகனின் கால்களைப் பனியால் பூட்டினாள். பெருந்தீ இல்லை, சின்னச் சின்னத் தீ. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. வாய்ப்பூட்டுக்கு இடம் கொடுக்காமல் வேகமாக ஓதி வேகமாக வீசினாள். வெருகன் பனியிலிருந்து காலை உருவுவதற்குள் சாம்பலானான்.

மேல்கரை திரையையே வெறித்துப் பார்த்தது. கீழ்கரைக்கோ கத்தக்கூடத் தோன்றவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

ஆனால் வெருகன் முட்டாள் அல்ல. இரண்டாவது ஆட்டத்தில் மெதுவாக, கொஞ்ச நேரமே சிலையாக்கும் ஒரு சின்னத் தட்டு தட்டினான். வஞ்சி பதறிப்போய்க் கட்டறுத்தாள். கட்டறுப்பை ஒருமுறை பயன்படுத்தினால், அது திரும்பி வர நேரமாகும். வெருகன் அதற்காகவே காத்திருந்தான். இப்போது இறங்கியது நிஜமான தட்டு! வஞ்சியால் அசையமுடியவில்லை. கத்தி வேலையை முடித்தது.

மேல்கரை துள்ளிக் குதித்தது. தோகையப்பன் பறந்தே வந்துவிட்டார்.

"அப்போதே சொன்னேன்! கிரீடத்தைப் போடு! இன்னும் நேரம் இருக்கிறது, போட்டுக்கொள்!"

வஞ்சியின் விரல் சாமான் பைக்கு மேல் நின்றது. கிரீடம் பளபளத்தது.

மல்லாயி அவள் காதருகே வந்தாள். "இப்போது எப்படிச் செத்தாய்?"

"சின்னத் தட்டுக்கே கட்டறுத்துவிட்டேன்."

"கிரீடம் இருந்தால் தப்பித்திருப்பாயா?"

வஞ்சி ஒரு கணம் யோசித்தாள். "மாட்டேன். பிழை சாமானில் இல்லை, என் பதற்றத்தில் இருக்கிறது" என்று பையை மூடினாள்.

மூன்றாவது ஆட்டம்!

வெருகன் மறைந்தான். வந்தான். சின்னத் தட்டு தட்டினான். வஞ்சி சிலையாக நின்றாள். கத்தி இறங்கியது. எஞ்சிய உயிரைத் திரையில் காட்டும் அவளுடைய உயிர்ப்பட்டை சரசரவென்று குறைந்தது.

"கட்டறு! கட்டறு!" என்று கீழ்கரை முழுவதும் கதறியது.

வஞ்சி அறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மோதிரம் தாங்கியது. பட்டை பாதிக்கு வந்தது. பாதிக்கும் கீழே போனது. வெருகனுக்குப் பொறுமை போய்விட்டது. கையை ஓங்கிப் பெரிய தட்டைத் தட்டினான்.

அதற்காகத்தான் வஞ்சி காத்திருந்தாள். கட்டறுத்தாள்! தாவினாள்! பனியை வீசினாள். வெருகனின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன.

ஆனாலும் அவன் கையில் வாய்ப்பூட்டு இருந்தது. அவள் வாய் திறந்தால் வீச வேண்டியதுதான் பாக்கி. வஞ்சி பெருந்தீ மந்திரத்தை ஓதத் தொடங்கினாள்.

"மாட்டினாய்!" என்று வெருகன் பூட்டை வீசினான்.

பூட்டு வந்து விழுந்தபோது வஞ்சி எதையும் ஓதிக்கொண்டிருக்கவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டாள்! பூட்டு வெறும் காற்றைப் பூட்டிவிட்டுக் கீழே விழுந்தது.

வெருகனின் முகம் வெளுத்தது. தட்டும் போயிற்று, பூட்டும் போயிற்று, இரண்டும் திரும்பி வர நேரமாகும், காலும் பனியில். வஞ்சி இப்போது அவசரப்படவே இல்லை. பெருந்தீ மந்திரத்தை முதலிலிருந்து ஓதினாள். ஒரு சொல் விடாமல், நிதானமாக, கடைசிவரை ஓதினாள்.

திரை முழுவதும் சிவப்பாக எரிந்தது!

"கீழ்கரைக்கு வெற்றி!" என்று நாரை சிறகை உயர்த்தியது.

கீழ்கரை போட்ட கூச்சலில் மருதமரத்துப் பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. காட்டுப்பன்றி வஞ்சியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு குட்டையைச் சுற்றி ஓடியது. மல்லாயி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். தோகையப்பன் தோகையை விரித்து, "நான் அப்போதே..." என்று ஆரம்பித்தார். தாய்மான் அவரை ஒரு பார்வை பார்த்தது. அவர் வாயை மூடிக்கொண்டு ஆட்டத்தை மட்டும் ஆடினார்.

வெருகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"அந்தப் பாதி மந்திரத்தை எங்கே கற்றாய்?" என்று கேட்டான்.

"உன்னிடம்தான். சின்னத் தட்டைக் காட்டி என்னை ஏமாற்றினாயே! நானும் பொய்யாக ஒன்றைக் காட்டினால் என்ன என்று தோன்றியது" என்றாள் வஞ்சி.

வெருகன் உறுமினான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த கோடையில் பார்த்துக்கொள்கிறேன்!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் கீழ்கரைக் குட்டிகள் குட்டைக்கு ஓடின. தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. அடியில் நீந்திய மீன்களை அவை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தன. தண்ணீரில் மூக்கை முக்கி, வயிறு முட்டக் குடித்தன. கரையில் நின்ற வஞ்சியும் மல்லாயியும் அவற்றுக்கு நடுவே குனிந்து குடித்தார்கள்.

கையில் இருக்கும் பலம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவரைவிட, எதிரே நிற்பவர் யார் என்று பார்த்து அதற்கேற்ற பலத்தைத் தேர்ந்தெடுப்பவரே வெற்றி பெறுவார்.