மலைச்சபைக்குப் போன எருமை

ஒரு காட்டில், மலையடிவாரத்தில், ஒரு குட்டை இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் அதற்குத் தண்ணீர் கொடுத்தது. தவளை, நண்டு, கொக்கு, ஆமை எல்லாம் அந்தக் குட்டையை நம்பித்தான் பிழைத்தன. அங்கே ஓர் எருமையும் இருந்தது. பிடிவாதத்தில் அதை மிஞ்ச ஆள் கிடையாது.

அடிவாரத்து விலங்குகள் மருத மரத்தடியில் சபை கூடுவது வழக்கம். குட்டைக்காரர்கள் சார்பில் எருமைதான் அங்கே பேசும். பேசுவதாவது, நிற்கும்! ஒருமுறை காட்டுப்பன்றிகள் கிழங்குக்காகக் குட்டையின் கரையைத் தோண்டிப் போட்டன. எருமை சபையின் நடுவில் போய் நின்றது.

"கரையை அடைச்சுக் குடுங்க. அதுவரைக்கும் நகர மாட்டேன்."

கரடி கெஞ்சியது. பன்றி உறுமியது. எருமை காதைக்கூட ஆட்டவில்லை. சாயங்காலத்துக்குள் பன்றிகள் கரையை அடைத்துவிட்டன.

குட்டையில் ஒரே கொண்டாட்டம். "இப்படிப்பட்டவரு இங்கயே கிடக்கலாமா? சிங்கராஜாவோட மலைச்சபைக்கே அனுப்புவோம்!" என்றது தவளை. காடு முழுவதற்குமான பெரிய சபை அது. எல்லாம் ஊர்வலமாகப் போய் எருமையை வழியனுப்பின.

மலைச்சபையிலும் எருமை நடுவில் போய் நின்றது. வெயில் சுட்டெரித்தது. சபையை நடத்தும் நரி ஓடி வந்தது.

"ஐயா, தாங்கள் நிற்கலாமா? தங்களுக்கென்றே ஒரு சேற்றுக்குழி வெட்டித் தருகிறோம். படுத்தபடியே சபையில் இருக்கலாம். சரி என்று தலையை மட்டும் ஆட்டுங்கள்."

"தண்ணி?"

"அதெல்லாம் எங்கள் பாடு."

எருமை தலையாட்டியது. குழி வந்தது, தண்ணீரும் வந்தது. அப்படியொரு குளிர்ச்சியை எருமை பிறந்ததிலிருந்து கண்டதில்லை. அதன்பிறகு நரி எதைக் கேட்டாலும் படுத்தபடியே தலையாட்டியது.

கோடை முற்றியபோது நண்டு மலையேறி வந்தது. அதன் ஓடு காய்ந்து வெளுத்திருந்தது.

"அண்ணே, குட்டையில தண்ணி வத்திப்போச்சு. ஓடை வரல."

"அநியாயமாக இருக்கிறதே! மறித்தது யார்? சொல், சபையில் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன்."

"அதைத் தேடித்தான் காஞ்ச ஓடையிலயே ஏறி வந்தேன். அது உங்க குழிகிட்ட வந்து நிக்குது அண்ணே."

எருமைக்கு வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்து நரியிடம் போனது.

"ஓடையைத் திறந்துவிடுங்கள்."

"திறக்கலாமே. குழி காய்ந்துவிடும். வெயிலில் நிற்கச் சம்மதமா?"

எருமை வெயிலைப் பார்த்தது. குழியைப் பார்த்தது. "அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்" என்று நண்டிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. நண்டு இறங்கிப் போனது.

அடுத்த கூட்டம் வந்தது, போனது. கடைசியில் எருமையின் பதவிக்காலமும் முடிந்தது. "தங்களையே மறுபடி அனுப்பச் சொல்லித் தங்கள் ஆட்களிடம் கேட்டு வாருங்கள்" என்றது நரி. எருமை மிடுக்காக இறங்கி வந்தது.

குட்டை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கொக்கு இல்லை, ஆமை இல்லை. ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. நண்டு மட்டும் வளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"உங்களுக்காகப் பேச மீண்டும் என்னை அனுப்புவீர்களா?" என்று கேட்டது எருமை.

"அனுப்பலாம் அண்ணே. யாருக்காகப் பேசப் போறீங்க?"

நண்டு வளைக்குள் போய்விட்டது. எருமை வழக்கம்போல நடுவில் நின்றது. நகரச் சொல்லவும் அங்கே யாரும் இல்லை.

நீதி: பிறருக்காகப் பேசப் போனவர் தன் சுகத்துக்கு விலைபோனால், கடைசியில் அவருக்கென்று யாரும் மிஞ்சமாட்டார்கள்.